அந்தி அடுப்பு யாருக்காக எரிகிறது?

“என்ன! வீடென்று ஒன்று இருந்தால், விளக்கேற்றும் வேளையில் அடுப்பெரிய வேண்டாமா? அடுப்பெரியாத வீடும் ஒரு வீடா?” என்று சீறிக் கேட்கின்றனர் சிலர். சீறுவோரில் பெரும்பாலோர் அடுப்பருகே அமர்ந்து ஒரு நாளேனும் ஊதுகுழலைத் தொட்டறியாதவர்கள். புகை அவர்கள் கண்ணை எட்டியதில்லை. மணம் மட்டும் மூக்கை எட்டியிருக்கிறது. ஆகவேதான் அடுப்பைப்பற்றி அவர்களால் அவ்வளவு அழகாகப் பேச முடிகிறது!

நாள்தோறும் மாலையில் புதிதாகச் சமைத்தே ஆக வேண்டுமா என்பது பார்வைக்குச் சிறு வினா. சாதி ஒழிப்பு, மொழி உரிமை, மாநில உரிமை எனப் பெரும்பொருள் பேசும் ஏட்டில் சோற்றுப் பானைக்கு என்ன இடம் என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். எண்ண வேண்டா, தோழர்களே! நாட்டுக் கணக்கைச் சற்றுப் புரட்டுங்கள். ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2024ஆம் ஆண்டுக்கு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண் செலவிடுவது 88 நிமிடம். 2019இல் எடுத்த கணக்கில் இவை 299, 97 என்றிருந்தன. ஐந்தாண்டு உருண்டோடியதில் பெண்ணுக்குக் குறைந்த சுமை 10 நிமிடம். ஆண்மகனும் சும்மா இருந்துவிடவில்லை. தன் பங்கில் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான்!

இந்த ஐந்து மணி நேரத்தில் கூட்டுவதும் உண்டு, துவைப்பதும் உண்டு. ஆனால் துணியை நாளைக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். ஒட்டடையை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விட்டுவைக்கலாம். அடுப்பைத் தள்ளிப்போட முடியாது. அதிலும் அந்தி அடுப்பு இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளும் நேரம் எது? படிப்பகத்தில் விளக்கெரியும் நேரம். மன்றத்தில் கூட்டம் நடக்கும் நேரம். பெண்ணுரிமைபற்றிப் பேச்சாளர் முழங்கும் நேரம். கைதட்டும் தோழர்களின் நடுவே மகளிர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெண்ணுரிமைக் கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வரவில்லை என்று செயலாளர் வருந்துகிறார். வருந்திவிட்டு வீட்டுக்குப் போகிறார். அங்கே சோறு சுடச்சுட இருக்கிறது. அவர் வினாவுக்கு விடை அந்தத் தட்டிலேயே ஆவி பறக்கக் கிடக்கிறது. அவர் அதைப் பிசைந்து உண்டுவிட்டு உறங்கப் போகிறார்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிவோம். மாலையில் உணவு வேண்டும். வேண்டாமென்று நாம் கூறவில்லை; பசித்தவனுக்கு நோன்பின் பெருமை பேசுவது நம் வேலையன்று, அதைச் செய்ய மடங்கள் இருக்கின்றன. உணவு வேறு, உலை வேறு. மாலையில் வயிறு நிறைய வேண்டும் என்பது உடலின் தேவை. மாலைதோறும், ஒரு நாள் தவறாமல், அந்த வீட்டுப் பெண்ணே, புதிதாகத் தீ மூட்டி, புதிதாக உலை வைத்து, புதிதாகக் குழம்பு கூட்ட வேண்டும் என்பது உடலின் தேவையன்று. அது ஒரு கட்டளை. கட்டளை என்றால் அதைப் பிறப்பித்தவர் யார், அதனால் பயன் பெறுபவர் யார் என்று கேட்பது பகுத்தறிவு.

பிறப்பித்தவருள் புலவரும் உண்டு என்று சொன்னால் தமிழன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். குறுந்தொகையின் 167ஆம் பாட்டைக் கல்லாத தமிழ் மாணவர் அரியர். கூடலூர் கிழார் பாடியது. மணமாகிப் போன மகளின் வீட்டைக் கண்டு வந்த செவிலித்தாய், அங்குக் கண்ட காட்சியை நற்றாயிடம் கூறுவதாக அமைந்தது. தயிரைப் பிசைந்த விரலை உடுத்த உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள் அந்த இளம் பெண். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்துப் பாராட்டி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இனிய பாட்டு, ஐயமில்லை. குறை பாட்டில் இல்லை, பாடம் நடத்துவோரிடம் இருக்கிறது. வகுப்பறையில் அந்த மலர்ந்த முகத்துக்கு அரைமணி நேர விளக்கம். புகை நிறைந்த கண்ணுக்கு அரைவரி உரை. புலவன் புகையை மறைக்கவில்லையே! துவைக்காத உடையையும் மறைக்கவில்லையே! கண்டதைக் கண்டபடி வைத்தான் அவன். அவன் வைத்ததில் பாதியை எடுத்துப் பாராட்டி, மீதியை மூடி வைத்தவர்கள் பின்வந்த உரைகாரரும் ஆசிரியரும்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கொலைக்களக் காதையில் கண்ணகி சமைக்கிறாள். மதுரைக்கு வெளியே, ஆயர் சேரியில், மாதரியின் அடைக்கலத்தில் இருக்கும் வேளை. ஐயை வைக்கோல் தீ மூட்டித் தருகிறாள். மாநாய்கன் மகள், செல்வத்தில் புரண்டவள், காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மூன்றையும் இளங்கோ விடாமல் குறிக்கிறார். கோவலன் உண்கிறான், சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான், திரும்பவேயில்லை. இந்த இடத்தைப் படித்துக் கண்ணீர் வடித்தோர் பலர். ஆனால் அந்தக் கண்ணீரும், அவன் உண்ட கடைசி உணவு என்பதற்காக வடிந்ததேயன்றி, அவள் சிவந்த விரலுக்காக வடிந்ததன்று. இலக்கியம் வேலையைக் காட்டியது. இலக்கியத் திறனாய்வு அதைக் கற்பு என்று பெயர் மாற்றிப் பதிவு செய்துகொண்டது.

நம் காலத்து எழுத்து இன்னும் துணிந்தது. அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ எழுதினார்; 1988இல் அதே பெயரில் தொகுதியும் வந்தது. கதை நடப்பது ஆச்சுமீரில், பெரியதொரு கூட்டுக் குடும்பத்து வீட்டில். அத்தனை பெரிய வீட்டில் சமையலறை மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த மூலையை ஆள்வதையே தன் வலிமை என்று ஒரு முதிய பெண் வாழ்நாளெல்லாம் நம்பியிருக்கிறாள். அந்த வலிமை உண்மையில் வலிமையன்று என்று மருமகள் அவளிடம் எடுத்துச் சொல்லும் இடம், தமிழ்ச் சிறுகதையில் நாம் மறக்கக் கூடாத இடம். அடுப்பு அடிமையைத் தருகிறது என்பது பாதி உண்மை; ஒரு சிற்றரசையும் தந்து அடிமையை மயக்கி வைக்கிறது என்பது மறுபாதி. மாமியார் கைக்குச் சாவி போவதும், சாவிக்காக மருமகள் காத்திருப்பதும், இருவரும் ஒருவரையொருவர் பகைப்பதும், வெளித்திண்ணையில் ஆண் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பதும் இந்த மயக்கத்தின் விளைவுகள்.

2021இல் மலையாளத்தில் ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படம் வந்தது. 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. மிக்சி இருக்கும் வீட்டில் அம்மியில் அரைத்த துவையல் வேண்டும், குக்கர் இருக்கும் வீட்டில் விறகடுப்பில் வடித்த சோறு வேண்டும் என்று, குரலையும் உயர்த்தாமல் கேட்கும் மாமனாரை அதில் கண்டோம். கடுஞ்சொல்லைவிடக் கொடியது அந்த மென்சொல். நல்ல படம்; பார்க்காத தோழர்கள் பார்க்க வேண்டும். எனினும் நமக்கொரு குறை உண்டு. அது காணியும் பெயரும் உள்ள குடும்பத்து அடுக்களை. வெளியே போய் உழைக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதே அங்குள்ள பெண்ணின் துயரம். பகலெல்லாம் வெயிலில் உழைத்துவிட்டு, அதன் பிறகு அடுப்படிக்கும் வருகிறாளே ஒரு பெண், அவளுடைய மாலையைப் படம் பிடித்தவர் யார்? அவளைக் காண நாம் மலையேற வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கிருந்து நெடுந்தொலைவு விண்மீன்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. விண்மீனை எண்ணும் மலையில் உலக்கைக் குத்தை எண்ணியவர் யாருமில்லை! அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். சேர நாட்டை நினைத்துவிட வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ். அவர்களது முதன்மைத் தானியம் சாமை.

சாமைச் சோறு இன்று நகரத்துப் பெருவிருந்துகளில் இடம் பெற்றுவிட்டது. ஒன்றிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், நீரிழிவுக்கு நல்லது, நார்ச்சத்து மிக்கது, பாட்டன் பூட்டன் உண்டது என்று எழுதாத இதழில்லை. எழுதியவர் எவரேனும் உரலைப்பற்றி எழுதினாரா? சாமை மிகச் சிறிய தானியம். உமியோ இறுகப் பற்றிக்கொண்டிருப்பது. காயவைத்து, குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தால்தான் அரிசி. பாட்டன் உண்டான், சரி, குத்தியவள் பாட்டியல்லவா? கொல்லையில் களையெடுத்து, காட்டில் விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்து, உலக்கை பிடித்து, அதன் பிறகு அடுப்பு மூட்டினால் உணவு வருவது இருட்டிய பின்னர். ‘பாரம்பரிய உணவு’ என்ற இரண்டு சொல்லுக்குள் அந்தத் தோள்வலி முழுவதையும் அடக்கிவிட்டனர் நம் நலவாழ்வு எழுத்தாளர்கள்.

2008இல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011இல் விலையில்லாமலே கிடைத்தது. மலை மக்கள் சாமையை விட்டு அரிசிக்கு மாறிவிட்டனர், மரபு அழிந்தது என்று அங்கலாய்ப்போர் உளர். குத்தாமல் உலையில் போடத்தக்க ஒரு தானியம் கைக்கு வந்தால், குத்திய பெண் எதைத் தேர்வாள்? அவள் தேர்வில் நாம் காண்பது மரபழிவை மட்டுமன்று. ஓர் ஓய்வு விண்ணப்பத்தையும் காண்கிறோம். சாமை வேண்டும் என்பவர் முதலில் உமி நீக்கும் எந்திரத்தை ஊர்தோறும் கொண்டு சேர்க்கட்டும். எந்திரம் வந்த பின்னும் அவள் அரிசியையே விரும்பினால் அப்போது மரபுக்காக அழலாம். எந்திரம் வருமுன்னே அழுவது, பிறர் தோளில் ஏறி நின்று மலைக்காட்சி காண்பது.

வட ஆர்க்காட்டு உழைப்பாளர் வீட்டு அடுப்பில் பண்டுதொட்டு ஓர் ஒழுங்கு உண்டு. மாலையில் ஒரு முறை தீ மூட்டுவார்கள். களியோ சோறோ ஆக்குவார்கள். இரவு உண்டது போக எஞ்சியதில் நீரூற்றி வைப்பார்கள். விடிந்ததும் அதுதான் கூழ், அதுதான் பழையது, அதுதான் நீராகாரம். கொல்லைக்குத் தூக்கில் போவதும் அதுதான். ஒரு தீ, மூன்று வேளை! உழைக்கும் பெண் தன் நேரத்தைத் தானே காத்துக்கொள்ளக் கண்ட வழி இது. வேளைக்கு வேளை புதுச்சமையல் என்பது அவள் வகுத்த விதியன்று. காலைப் பலகாரம், நண்பகல் விருந்து, மாலைச் சிற்றுண்டி, இரவுச் சாப்பாடு என்று நான்கு முறை பாத்திரம் ஏற்றும் வழக்கம், சமைப்பவள் வேறு, உண்பவன் வேறு என்று ஆகிவிட்ட வீடுகளில் பிறந்தது.

அதற்கு வேதாந்த முத்திரையும் குத்தினார்கள். கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரிக்கிறது. சமைத்து நேரமானதும், முதல் நாள் ஆக்கியதும், மிச்சிலும் தாமச குணத்தோர்க்குப் பிடித்த உணவு என்று அது தரம் குறிக்கிறது. தாமசம் என்றால் மந்தம், இருள், கீழ்மை. பழையதைக் குடித்துவிட்டுக் கதிரறுத்தவன் தாமசன்! அவன் அறுத்த நெல்லைச் சுடச்சுட உண்டவன் சாத்துவிகன்! எப்படி இருக்கிறது கணக்கு? ஆறின சோறு தாழ்ந்தது என்னும் எண்ணம் நாக்கில் தோன்றியதென்று நினைக்கிறோம்; அதன் வேர் நூலில் இருக்கிறது. அந்த நூலைப் படித்திராத வீட்டிலும், “பழையதையா போடுகிறாய், என்னை என்னவென்று நினைத்தாய்?” என்று கணவன் உறுமுகிறான். தட்டில் அவன் தேடுவது சூடு என்று எண்ணாதீர்கள். அவன் தேடுவது தன் மேன்மையை.

“அப்படியானால் ஊசிப்போனதை உண்ணச் சொல்கிறீர்களா?” என்று துள்ளிக் குதிப்பர். சொல்லவில்லை. அறிவியல் கூறுவதை அப்படியே ஏற்போம். வடித்த சோற்றை அறைவெப்பத்தில் மணிக்கணக்கில் திறந்து வைத்தால் ‘பாசில்லசு சீரியசு’ என்னும் நுண்ணுயிர் பெருகும். அதன் நஞ்சில் ஒரு வகை மீண்டும் சுடவைத்தாலும் அழியாது. வாந்தியும் கழிச்சலும் வரும். தூய நீரில் ஊறிய சோற்றில் பால்புளிப்பு நுண்ணுயிர் வளர்ந்து புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு தீய நுண்ணுயிர் பெருகுவதைத் தடுக்க உதவுகிறது. குளிர்பெட்டி உள்ள வீட்டில் குழம்பையும் பொரியலையும் உடனே குளிரவைத்து மறுநாள் நன்கு கொதிக்கவிட்டு உண்பதில் தீங்கில்லை. ஆக, எதை எவ்வளவு நேரம் எப்படி வைக்கலாம் என்பது வெப்பமானிக்கும் நீரின் தூய்மைக்கும் உரிய கேள்வி. குணங்களின் கதை இங்கு எதற்கு?

மாலையில் சமைக்காத மக்கள் உலகில் இல்லையா? செருமனியரைப் பாருங்கள். அவர்கள் இரவுணவுக்கு வைத்திருக்கும் பெயரே ‘ஆபென்ட்புரோட்’, மாலை ரொட்டி. ரொட்டித் துண்டு, பாலாடைக்கட்டி, ஆறின இறைச்சி, ஊறுகாய், அடுப்பு எரிவதில்லை. சூடான உணவு நண்பகலோடு முடிந்தது என்பது அவர்களின் பழைய வழக்கம். அந்நாட்டுக் குடும்பங்கள் அதனால் சிதறிப் போயினவா? அவ்வளவு தூரம் போவானேன்! ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் போளூர்ப் பகுதிக்கு வந்தால் திருமலை இருக்கிறது. தமிழ்ச் சமணரின் பழம்பதி. கதிரவன் மறைந்த பின் உண்ணாமை சமண நெறி. கோவலனையும் சமண நோன்பு கொண்டவன் என்றே காப்பியம் கூறுகிறது. பூச்சி புழு தீயில் விழும் என்பது அவர்கள் காரணம். அந்தச் சமயக் காரணத்துக்குள் நாம் போகவில்லை. இருட்டிய பின் எழும் ஆவிபறக்கும் சோறு இல்லாமல் ஒரு தமிழ்க் குடி நூற்றாண்டுகள் பல வாழ்ந்திருக்கிறது என்ற செய்தி மட்டும் நமக்குப் போதும். அங்கும் பொழுது சாயுமுன் முடிக்கும்படி பெண்ணையே விரட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம்.

இனி அன்பு. “அவள் கையால் சமைத்துப் போட்டால்தான் எனக்கு உண்ட நிறைவு” என்கிறான் கணவன். “நான் போட்டால்தான் அவர் வயிறாற உண்பார்” என்கிறாள் மனைவி. கேட்க இனிமையாக இருக்கிறது. அன்பு என்றால் அது இருபுறமும் ஓட வேண்டாமா? அன்பின் பெயரால் ஒருவர் ஆயுள் முழுவதும் சமைப்பதும், மற்றவர் ஆயுள் முழுவதும் உண்பதும் எந்த அகத்திணையில் அடங்கும்? இந்த அன்பு மிகுந்த வீட்டில் கடைசியில் உண்பவர் யார்? பானையின் அடியில் எஞ்சியது யாருக்கு? ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். குருதிச்சோகைக்குக் காரணங்கள் பல; ஆக்கியவளுக்கு அடிப்பானைச் சோறு என்ற நியதி அவற்றுள் ஒன்றில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்! விறகுப்புகையும் சேர்கிறது. வீட்டினுள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு. உச்சுவலா திட்டத்தில் 2016 முதல் எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. மறு உருளைக்குப் பணம் இல்லாத வீட்டில் உருளை ஒரு மூலையிலும் விறகு அடுப்பிலும் இருக்கும்.

“எல்லாம் சரி, கடையில் வாங்கி உண்பதா? ஏழைக்குக் கட்டுமா?” இது நேர்மையான கேள்வி. நகரத்துக் குடும்பம் கைப்பேசியில் அழைத்துப் பொட்டலம் வரவழைப்பதை நாம் விடுதலை என்று கொண்டாடவில்லை. அங்கு அடுப்பு அணையவில்லை. வேறொரு கூலியாளின் தோளுக்கு இடம் மாறியிருக்கிறது. நாம் பார்க்க வேண்டிய வழி வேறு. தமிழ்நாடு அதில் புதிது போவதும் அன்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தது. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலமெங்கும் பரப்பத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளையின் நண்பகலை ஊர் ஏற்றது, காலையையும் ஏற்றது. மாலை ஒன்றுதான் இன்னும் தாயின் தலையிலேயே கிடக்கிறது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் மாலையில் மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி கிடைத்தபோது எத்தனை உழைப்பாளர் வீடுகளில் அன்றைய அந்தி அடுப்புக்கு ஓய்வு கிடைத்திருக்கும்! அரசியல் மாறுபாட்டுக்காக நல்லதை நல்லது என்று சொல்லாமல் விடுவது நம் பழக்கமன்று. ஆனால் அது நகரங்களோடு நின்றது, மலை ஏறவில்லை.

உருசிய நாட்டில் 1925இல் இவானோவோ–வொசுனெசென்சுக் நகரில் முதல் ‘ஆலைச் சமையற்கூடம்’ எழுந்தது. நெசவாலைப் பெண்கள் நிறைந்த நகரம் அது. ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரே இடத்தில் சமைத்தால் ஆயிரம் அடுப்பு அணையும் என்பது கணக்கு. கணக்கு சரி, உணவின் சுவையில் அவர்கள் கோட்டை விட்டனர் என்றும், வீட்டுக்கு வந்த பெண் மறுபடி அடுப்பு மூட்டினாள் என்றும் வரலாறு கூறுகிறது. சுவையில்லாத சமதர்மத்தை நாக்கு ஏற்காது! பொதுச்சமையல் நடத்துவோர் அதையும் பாடமாகக் கொள்ள வேண்டும்.

ஜவ்வாது மலையில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே உண்டு. அங்குள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மாலை உணவைச் சேர்ந்தமர்ந்து உண்கின்றனர். ஒரு சமையற்கூடம், ஊதியம் பெறும் சில சமையலர், பல பிள்ளைகளுக்கு உணவு. அந்தப் பிள்ளைகளில் பெண்களும் உண்டு. அந்தியில் அவர்கள் கையில் புத்தகம் இருக்க முடிகிறது. விடுமுறையில் வீட்டுக்குப் போகும் அதே சிறுமியின் அந்தி என்ன ஆகிறது என்பதை மலைக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டுமென்பதில்லை. உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். இந்த மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024இல், இருபத்து மூன்று வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். தேர்வுக்கு ஒருசில நாள் முன்புதான் பிள்ளை பெற்றிருந்தார். நாடே வியந்தது. வியப்பதோடு நிறுத்திக்கொள்வோர்க்கு ஒரு சொல்: ஒருவர் மலையைப் பெயர்த்து வெளிவந்தால் பாராட்டுகிறோம், பெயர்க்க வேண்டிய மலையைச் சற்றுத் தணிக்கக் கூடாதா? நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பெண்ணுக்கும் மாலையில் கைக்கு வந்தால் எத்தனை பேர் எழுதப் படிக்க, தொழில் கற்க, ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார, அல்லது வெறுமனே காலை நீட்டி ஓய்ந்திருக்க முடியும்! ஓய்வும் உரிமைதான், அதற்கொரு பெரிய பயன் காட்டித்தான் பெற வேண்டும் என்பதில்லை.

ஆகவே மலையூர்களில் மாலைப் பொதுச்சமையற்கூடம் ஒன்றை நடத்திப் பார்க்கட்டும் அரசு. மலையில் விளைந்த சாமையை எந்திரத்தில் உமி நீக்கி அங்கேயே சமைக்கட்டும். வாரம் ஏழு நாளும் வேண்டாம். மூன்று நாளில் தொடங்கலாம். மீதி நாளில் வீட்டு ஆண்கள் அடுப்பருகே உட்கார்ந்து பழகட்டும். நம் தோழர்கள் இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நாளை மாலைக் கூட்டத்துக்கு வருமுன் உலை வைத்துவிட்டு, வீட்டிலுள்ள மகளிரைக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு மேடையேறுங்கள். பேச்சு சற்றுத் தாமதமானால் கேட்பவர் பொறுத்துக்கொள்வர்.

பொதுச்சமையல் என்றதும் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ணவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அந்த உணவை உண்ண வேண்டியிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துத் தமிழகம் கொதித்து நூறாண்டு ஆகிறது. வீட்டுக்கு வீடு தனி அடுப்பு என்பதன் அடியில் சாதிக்குச் சாதி தனி அடுப்பு என்பது ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

இன்னொன்றும் உண்டு, அதைப் பேசாமல் திட்டம் தீட்டினால் பாதி வேலைதான் நடக்கும். இன்று சத்துணவுக் கூடங்களிலும் காலை உணவுக் கூடங்களிலும் கரண்டி பிடிப்போர் பெரும்பாலும் பெண்களே. காலை உணவை ஆக்குவோர் மகளிர் குழுவினர். நிலையான ஊதியம், ஓய்வூதியம் கேட்டுச் சத்துணவுப் பணியாளர் தெருவில் நின்று போராடியது நாம் கண்டது. வீட்டில் கூலியில்லாமல் சமைத்தவளை ஊர்க்கூடத்துக்கு அழைத்து அரைக்கூலிக்குச் சமைக்க வைத்தால் அவளுக்குப் பானை பெரிதானது ஒன்றுதான் மிச்சம். மாலைச் சமையற்கூடம் வரும்போது அதில் ஆண்களும் பாதிக்குப் பாதி பணியமர்த்தப்பட வேண்டும். நிலையான ஊதியம் முதல் நாளிலிருந்தே வேண்டும். உமி நீக்கும் எந்திரமும் புகையில்லா அடுப்பும் கூடம் திறக்கும் அன்றே இருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் கூடும் கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக வைக்க மலையிலுள்ள நம் இளைஞர்கள் இப்போதே ஆயத்தம் செய்யலாம். கூட்டத்தை மாலையில் வைக்காமல் காலையில் வைக்கும்படியும் கேளுங்கள். அப்போதுதான் அடுப்பிலிருந்து வரவேண்டியவர்கள் வருவார்கள்.